பிரமிட் நிற்கிறது, கோணேசர் கோயில் ஏன் நிற்கவில்லை?

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குத் தரைவழியாகப் போக ஒரே பாதைதான். அது பிரெட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால் போகிறது. வாசலில் இராணுவம் நிற்கும். உள்ளே போனால் புள்ளிமான்கள் படுத்துக் கிடக்கும். மேலே ஏற ஏறக் கடல் விரியும், கச்சான் கடைகள் வரும், கடைசியில் கோபுரம் தெரியும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பழகிய பாதை. அதனாலேயே யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. கோயிலுக்குப் போகிறவன் ஏன் கோட்டைக்குள்ளால் போகவேண்டும்?

ஓ.எல். எடுக்கிற என் தம்பிதான் இந்தக் கேள்வியை வேறு ஒரு வடிவத்தில் கேட்டான். குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கோணேசர் கோயில் பிரமிட்டை விடப் பழையது, பத்தாயிரம் வருசத்துக்கு முந்தியது, அப்படி இப்படி என்று பின்னணி இசையோடு ஒரு குரல். அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, பிரமிட் நாலாயிரத்து ஐந்நூறு வருசமா அப்படியே நிக்குது. எங்கட கோயில் அதவிடப் பெரிசு எண்டா ஏன் நிக்கல்ல?"

அம்மம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. "பறங்கி இடிச்சான் மகன். கோட்டையில இருக்கிற ஒவ்வொரு கல்லும் கோயில்ட கல்லுதான்."

அம்மம்மா சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் தம்பியின் கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை. முழுப் பதிலைத் தேடிப் போனால் பெருமைப்பட நிறைய இருக்கிறது, சங்கடப்படவும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பிரமிட்

கீசாவில் உள்ள பெரிய பிரமிட் கூஃபு என்ற மன்னனின் கல்லறை. கி.மு. 2560 அளவில் கட்டி முடிக்கப்பட்டது. அப்போது அதன் உயரம் ஏறக்குறைய 146 மீற்றர். சுமார் 23 இலட்சம் கற்கள். கிட்டத்தட்ட 3800 வருசம் உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான்.

இதைக் கட்டியது வேற்றுக்கிரகத்தவர் இல்லை. சவுக்கடி வாங்கிய அடிமைக் கூட்டம் என்ற சினிமாக் கதையையும் இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. பிரமிட்டுக்குப் பக்கத்திலேயே தொழிலாளர் குடியிருப்பு அகழப்பட்டிருக்கிறது. பாண் சுட்ட அடுப்புகளும், அவர்கள் தின்ற மாட்டின் எலும்புகளும், அவர்களுடைய கல்லறைகளும் கிடைத்திருக்கின்றன. 2013-இல் செங்கடல் கரையில் பப்பிரஸ் ஏடுகள் சில கிடைத்தன. மேரெர் என்ற ஒரு படகுக் குழுத் தலைவனின் நாட்குறிப்பு அது. தூரா என்ற இடத்துச் சுண்ணக்கல்லைத் தன் ஆட்களோடு நைல் நதி வழியாகக் கீசாவுக்கு ஏற்றி இறக்கிய கணக்கை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறான். இன்று லொறிக்காரர் எழுதுகிற லோட் கணக்கு மாதிரித்தான்.

இவ்வளவு பெரிய வேலைக்குச் சமயம் மட்டும் போதாது. உபரி நெல்லோ கோதுமையோ வேண்டும், அதை ஓரிடத்தில் சேர்க்கிற அரசு வேண்டும், கணக்கு எழுதுகிறவன் வேண்டும், கல் ஏற்ற நீர்வழி வேண்டும். சமயம் செய்வது என்னவென்றால், இத்தனையையும் ஒரே திசையில் திருப்பிவிடுகிறது. "ஏன் கட்டுகிறோம்?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பதிலைக் கொடுக்கிறது.

சரி, பிரமிட் "அப்படியே" நிற்கிறதா? இல்லை. முதலில் அதன் வெளிப்புறம் முழுக்க மினுமினுப்பான வெள்ளைச் சுண்ணக்கல்லால் மூடப்பட்டிருந்தது. 1303-இல் வந்த நிலநடுக்கத்தில் அந்தக் கற்கள் தளர்ந்தன. பிறகு கெய்ரோவின் பள்ளிவாசல்களுக்கும் கட்டடங்களுக்கும் அவற்றைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். இன்று நாம் படங்களில் பார்ப்பது தோல் உரித்த பிரமிட். அடுத்த அரசுக்குக் கல் தேவைப்பட்டால் முந்திய அரசின் நினைவுச்சின்னம் கல்குவாரி ஆகிவிடும். இது எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை.

எங்கள் பாறை

இப்போது நம் ஊருக்கு வருவோம். பத்தாயிரம் வருசக் கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கையில் பிடிக்கக்கூடிய சான்றுகளை மட்டும் எடுப்போம்.

7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலை மேல் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். ஈழத்தில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டுதான், இதுவும் மன்னார்த் திருக்கேதீச்சரமும். நிலாவெளியில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, கோணமலையில் இருந்த மச்சகேச்சுரம் என்ற கோயிலுக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. கோட்டைக்குள் கிடைத்த ஒரு சிதைந்த கிரந்தக் கல்வெட்டு, சோடகங்கன் என்பவன் சக வருடம் 1145-இல், அதாவது கி.பி. 1223-இல், இங்கே வந்ததைக் குறிக்கிறது. நம் கதைகளில் வரும் குளக்கோட்டன் இவனே என்று கருதும் ஆய்வாளர் பலர். அதே நூற்றாண்டில் வீரபாண்டியனின் குடுமியான்மலைக் கல்வெட்டு, கோணமலையில் பாண்டியரின் கயல் சின்னம் பொறிக்கப்பட்டதாகப் பெருமை பேசுகிறது. கோட்டை வாசலின் நிலைக்கல்லில் இரட்டை மீனை இன்றும் காணலாம்.

குளக்கோட்டன் என்ற பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். குளமும் கோட்டமும். குளம் கட்டினவன், கோயில் கட்டினவன். கந்தளாய்க் குளத்தை அவன் பெயரோடு சேர்த்துத்தான் எங்கள் ஊர் சொல்லும். உண்மையில் அந்தக் குளம் அவன் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்தியது. ஆனாலும் அந்தக் கதைக்குள் ஒரு கணக்குச் சரியாக இருக்கிறது: குளம் இல்லாமல் வயல் இல்லை, வயல் இல்லாமல் நெல் இல்லை, நெல் இல்லாமல் கோயில் இல்லை. மேரெரின் கோதுமையும் கந்தளாயின் நெல்லும் செய்த வேலை ஒன்றுதான்.

'கோணேசர் கல்வெட்டு' என்று ஒரு நூல் இருக்கிறது. பெயரைப் பார்த்து அது கல்லில் வெட்டியது என்று நினைக்காதீர்கள், ஏட்டில் எழுதியது. அதில் பெரும்பகுதி கோயிலின் அழகைப் பற்றியது இல்லை. யார் யாருக்கு என்ன தொழும்பு, எந்தக் குடி எந்த வேலை, எந்த ஊர் என்ன கொடுக்கவேண்டும் என்ற ஒழுங்குதான். தானத்தார், வரிப்பத்தார் என்று குடிகள் வகுக்கப்படுகின்றன. அந்த ஒழுங்கில் சாதியின் ஏற்றத்தாழ்வும் இருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்: கோணேசர் கோயில் என்பது கற்குவியல் மட்டும் இல்லை, ஊர் ஊராகப் பரவிய கடமைகளின் வலை.

பாறைதான் வளர்த்தது, பாறைதான் கெடுத்தது

பிரமிட் நிற்பது பாலைவன ஓரத்தில். அந்த மேட்டைக் கைப்பற்றி யாரும் கடலை ஆள முடியாது. கோணமலை அப்படியா? உலகத்தின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றின் பக்கத்தில், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் செங்குத்துப் பாறை. வங்காள விரிகுடாவில் வரும் கப்பலுக்கு அது ஓர் அடையாளம். கப்பலோட்டி அந்த மலையைக் கண்டு கும்பிட்டான், வணிகன் காணிக்கை கொடுத்தான், அரசர்கள் நிலம் கொடுத்தார்கள். கோயில் வளர்ந்தது.

17-ஆம் நூற்றாண்டு. கடலில் இப்போது பீரங்கி பூட்டிய கப்பல்கள். போத்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்துவிட்டார்கள். 1620-இல் டென்மார்க்காரர் கண்டி மன்னன் செனரத்தோடு பேசி, திருகோணமலையில் கால் ஊன்றப் பார்த்தார்கள். அது சரிவராமல், அதே வருசம் தரங்கம்பாடியில் போய் இறங்கினார்கள். ஒல்லாந்தரும் அந்தக் கடலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். போத்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவுக்கு விஷயம் விளங்கியது. இந்தத் துறைமுகத்தை வேறு யாராவது எடுத்தால் இலங்கையே கைவிட்டுப் போகும்.

கோட்டை கட்ட மிகச் சிறந்த இடம் எது? கோயில் இருந்த பாறைதான். கல் எங்கே கிடைக்கும்? அங்கேயே, ஏற்கெனவே செதுக்கி, அடுக்கி வைத்திருக்கிறது. மதவெறி இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் மதவெறியோடு ஒரு பொறியியல் கணக்கும் சேர்ந்தபோதுதான் கோயில் முழுவதும் போனது.

1622 சித்திரைப் புத்தாண்டு நாளில், சுவாமி ஊர்வலம் போயிருந்த நேரம் பார்த்துப் படையினர் பூசகர் வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்பது எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. இடிப்பை 1624-ஓடு சேர்த்துச் சொல்லும் ஆய்வாளரும் உண்டு. கோட்டை எழுந்தது அந்த 1624-இல். பாறையின் உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என மூன்று கோயில்கள் இருந்ததைப் பிற்காலத்தில் எழுதி வைத்தவர் கெய்ரோஸ் என்ற போத்துக்கேயப் பாதிரியார். இந்துக்களுக்கு இது ரோமாபுரி போன்றது என்ற பொருளில் அவர் எழுதுகிறார். இடித்தவன் பக்கத்து ஆள் எழுதிய குறிப்பிலிருந்துதான் இடிபட்டதன் பெருமையை நாம் அறியவேண்டியிருக்கிறது. வரலாற்றில் இப்படி அடிக்கடி நடக்கும்.

இவ்வளவும் செய்து கட்டிய கோட்டை போத்துக்கேயரிடம் எத்தனை வருசம் இருந்தது? பதினைந்து. 1639-இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு அது கை மாறி மாறிப் போனது. 1782 என்ற ஒரே வருசத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் போயிருக்கிறது. 1795-இல் ஆங்கிலேயர் நிரந்தரமாக எடுத்து, 1803-இல் தங்கள் இளவரசன் ஒருவனின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரைத்தான் இன்றைக்கும் சொல்லுகிறோம்.

சங்கடமான பகுதி

இதுவரை படித்து, "பார்த்தீங்களா, வெளிநாட்டான் வந்து எங்கட கோயிலை அழிச்சான்" என்று முடித்துக்கொள்வது சுலபம். நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் முடித்துக்கொண்டேன். ஆனால் இன்னும் பழைய ஒரு பக்கம் இருக்கிறது.

பிரமிட்டுக்குச் சமமான ஒன்று இலங்கையில் உண்டா என்று கேட்டால், உண்டு. அநுராதபுரத்து ஜேதவனாராமய. 3-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மகாசேனன் தொடங்கினான், அவன் மகன் முடித்தான். அந்தக் காலத்தில் ஏறக்குறைய 122 மீற்றர் உயரம். கீசாவின் இரண்டு பெரிய பிரமிட்டுகளுக்கு அடுத்து, பழைய உலகின் மூன்றாவது உயரமான கட்டடம். ஒன்பது கோடிக்கு மேல் செங்கல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மின்னேரியாக் குளம் கட்டியவனும் இதே மகாசேனன்தான். இங்கேயும் குளமும் கோட்டமும்!

அதே மகாசேனனைப் பற்றி மகாவம்சம் இன்னொன்றும் சொல்கிறது. கோகண்ணம் முதலிய இடங்களில் தேவர் கோயில்களை அழித்து அவன் விகாரைகள் கட்டினான் என்று. கோகண்ணம் கீழைக் கடற்கரையில் இருந்தது என்கிறது அதன் உரை. பெரும்பாலான ஆய்வாளர் அதை இன்றைய திருகோணமலை என்றே கொள்கிறார்கள்.

உடனே "பார், சிங்கள மன்னன் தமிழர் கோயிலை இடித்தான்" என்று இன்றைய சண்டையை அன்றைக்குக் கொண்டுபோக வேண்டாம். அதே மகாவம்சத்தின்படி மகாசேனன் கைவைத்த பெரிய இடம் எது தெரியுமா? அநுராதபுரத்து மகாவிகாரை. பௌத்தர்களின் மூத்த மடம். அதன் கட்டடங்களை இடித்து, பொருட்களை எதிர்ப் பிரிவான அபயகிரிக்குக் கொண்டுபோனார்கள். அப்படிச் செய்யத் தூண்டிய பிக்கு சங்கமித்திரர் சோழ நாட்டிலிருந்து வந்தவர்! பௌத்த அரசன், சோழ நாட்டுப் பிக்குவின் பேச்சைக் கேட்டு, பௌத்த மடத்தை இடிக்கிறான். இந்தக் கதைக்குள் இன்றைய இனக் கோடுகளைப் போட்டுப் பாருங்கள். நேராக விழாது.

இன்னும் ஒன்று. திருகோணமலை நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. எங்கள் ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். சோழர் இலங்கையை ஆண்ட காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தஞ்சையில் சிவனுக்குப் பெரிய கோயில் எழுப்பிய அதே இராஜராஜனின் பெயரில் இங்கே ஒரு பௌத்தப் பள்ளி! அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், தமிழர் அந்தப் பள்ளிக்கு நந்தாவிளக்கும் மாடும் கொடுத்ததைச் சொல்கின்றன. சிலைமனையின் அடித்தளம் திராவிட பாணியில் இருக்கிறது. தமிழ்ப் பௌத்தர் கும்பிட்ட இடம் அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் மாவட்டத்தில் பழைய கல் என்பது இன்றைக்கு வெறும் பழைய கல் இல்லை. 2019-இல் கன்னியா வெந்நீரூற்றில் பிள்ளையார் கோயில் இருந்த மேட்டைப் பற்றி வந்த பிரச்சினை எல்லோருக்கும் தெரியும். 2020-இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் மாகாணத்துக்கு அமைத்த அந்தச் செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. ஒரு கல் கண்டெடுக்கப்பட்டால் அடுத்த நாள் யாருடைய வயல் போகும் என்ற பயம் கிராமங்களில் உண்மையாகவே இருக்கிறது.

இந்தப் பயத்துக்கு நம்மில் பலர் வைத்திருக்கும் மருந்துதான் அந்த வட்ஸ்அப் வீடியோ. அவர்கள் இரண்டாயிரம் என்றால் நாங்கள் பத்தாயிரம். ஆனால் இந்த மருந்து வேலை செய்யாது. பத்தாயிரத்துக்கு ஒரு துண்டுச் சான்றும் காட்ட முடியாதபோது, நிலாவெளியின் 250 வேலியைக்கூட எதிரில் இருப்பவன் நம்பமாட்டான். பொய்யைக் கலந்தால் நம்மிடம் இருக்கிற உண்மைக்கும் விலை குறையும். "பௌத்தச் சின்னம் என்றால் அது சிங்களவருடையது மட்டும்" என்று சொல்பவருக்கு நாம் காட்டவேண்டியது இராஜராஜப் பெரும்பள்ளியின் தமிழ் எழுத்தை. ஆனால் அதைக் காட்டவேண்டுமென்றால், தமிழர் என்றால் சைவர் மட்டும் என்று நாம் சொல்வதையும் நிறுத்தவேண்டும்.

தம்பிக்குப் பதில்

கோயில் இடிந்த பிறகு என்ன நடந்தது? சில மூர்த்தங்களை மண்ணுக்குள் புதைத்தார்கள். சிலவற்றைக் காடும் மலையும் கடந்து தம்பலகாமத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. பழைய கோயிலுக்குத் தொழும்பு செய்த குடிகள் அந்தக் கோயிலிலும் தங்கள் முறையைத் தொடர்ந்தார்கள். கல் போனது, கடமை வலை போகவில்லை.

பாறையில் ஒன்றுமே இல்லாத காலத்திலும் பூசை நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார்கள்: மாலை நேரத்தில் ஒரு பூசகர் பாறை விளிம்பில் நின்று, பூவும் பழமும் தேங்காயும் கடலுக்குள் இட்டு, தீபம் காட்டுவார். கோபுரம் இல்லை, கூரை இல்லை, விக்கிரகம்கூட இல்லை. அந்நியக் கோட்டைக்குள், அவர்கள் விடுகிற நேரத்துக்குப் போய், வெறும் பாறைக்கும் கடலுக்கும் பூசை.

1950-இல் நகரசபை கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி திருவுருவங்கள் வெளியே வந்தன. 1956-இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியில் கடலில் மூழ்கிப் பார்த்து, செதுக்கிய தூண்களும் கற்களும் கிடப்பதைக் கண்டார்கள். ஊர் கூடிக் கட்டிய புதிய கோயிலுக்கு 1963-இல் குடமுழுக்கு நடந்தது. இன்று நாம் கும்பிடுவது அதைத்தான். அளவில் சின்னது. கோயிலுக்குப் போகிறவர்களில் சிங்களவரும் நிறையப் பேர்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். பிரமிட்டில் கல் இருக்கிறது, ஆனால் கூஃபுவுக்குப் படையல் வைக்க இன்று ஒருவரும் இல்லை. ரிக்கெற் எடுத்துப் படம் பிடித்துவிட்டு வருவார்கள். எங்கள் பாறையில் பழைய கல் இல்லை, ஆனால் இன்று மாலையும் மணி அடிக்கும். எது பெரிது என்று போட்டி வைக்கத் தேவையில்லை. இரண்டும் இரண்டு விதமாக மிஞ்சியிருக்கின்றன.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப அந்த வீடியோவ அழிச்சிடவா?" என்று கேட்டான்.

அழிக்கவேண்டாம், கீழே ஒரு பதில் போடு என்றேன். 7-ஆம் நூற்றாண்டு, 250 வேலி, 1223, 1624, 1950 என்று வரிசையாக எழுதினான். பெரியப்பா ஒருவர் மட்டும் கோபப்பட்டார்.

அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போனால், வாசலில் அவசரப்படாமல் ஒரு நிமிசம் நில்லுங்கள். நிலைக்கல்லில் இரட்டை மீனும், தேய்ந்துபோன தமிழ் எழுத்தும் இருக்கும். குளக்கோட்டன் செய்ததைப் பறங்கி பிரிப்பான் என்று வருமுன் சொன்ன வாக்கு அது என்பார்கள். எழுத்து வெயிலிலும் உப்புக்காற்றிலும் வருசா வருசம் மங்கிக்கொண்டே வருகிறது. உங்கள் பிள்ளைகள் போகும்போது தெரியுமோ என்னவோ. இப்போதே ஒரு படம் எடுத்து, திகதியும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.